வன்னி வீட்டு வீடியோக்கள்: கசற்றிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரை

வன்னியில் ஒரு குடும்பத்தின் வீடியோக்கள் ஒரே அலுமாரிக்குள் இருப்பது அரிது. 90களின் கலியாண வீடு விஎச்எஸ் கசற்றில் இருக்கும். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஊருக்கு வந்தவர்கள் எடுத்தவை ஹாய்8, மினி டிவி (MiniDV) என்ற சிறிய கமராக் கசற்றுகளில் இருக்கும். அதற்குப் பிந்திய சாமத்திய வீடுகள் விசிடியிலும் டிவிடியிலும் கிடக்கும், இப்போதையது கைப்பேசியில். 2008, 2009 இடப்பெயர்வுகளில் வீட்டிலிருந்தது முழுக்கப் போய்விட்ட குடும்பங்களும் உண்டு. ஆனால் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சூரிச்சுக்கும் அனுப்பிய கொப்பிகள் அங்கே பத்திரமாக இருக்கலாம். ஆகவே முதல் வேலை மெசின் வாங்குவதல்ல, பட்டியல் எழுதுவது.

பட்டியலும் முன்னுரிமையும்

ஒரு கொப்பியிலோ எக்செல்லிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் கொடுங்கள். எந்த வகை, என்ன நிகழ்வு, எந்த ஆண்டு, யாரிடம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுதுங்கள். இலக்கத்தை உறையில் ஒட்டுங்கள். இறுவட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் சுழலும்போது சமநிலை கெடும். பசை நாளடைவில் மேற்பூச்சையும் கெடுக்கும்.

வெளிநாட்டு உறவுகளிடம் கேட்கும்போது "கலியாண வீடியோ இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "தேடிப் பார்க்கிறன்" என்ற பதிலோடு விசயம் முடிந்துவிடும். நிகழ்வு, ஆண்டு, கசற்றா இறுவட்டா, அனுப்பியது யார் என்று குறிப்பாகக் கேளுங்கள். செத்தவீட்டு வீடியோக்களையும் கேளுங்கள். வரமுடியாத பிள்ளைகளுக்காக எடுத்து அனுப்பியவை அவை. ஊர்ச்சனம் முழுவதும் அதில்தான் இருக்கும். வீட்டில் ஒரு கொப்பி இருந்தாலும் வெளிநாட்டுக் கொப்பியையும் விடவேண்டாம். இங்கே இருந்தது வருவோர் போவோருக்கெல்லாம் போட்டுக் காட்டித் தேய்ந்திருக்கும். அங்கே போனது ஓரிரு முறைதான் ஓடியிருக்கும். இரண்டையும் பார்த்து நல்லதை எடுங்கள்.

எதை முதலில் எடுப்பது? கைப்பேசியிலும் மெமரி கார்டிலும் உள்ளதை முதலில் எடுங்கள், அது ஒரு பின்னேர வேலை. அடுத்தது வீட்டிலும் ஸ்டூடியோவிலும் எழுதிய இறுவட்டுகள். கசற்தான் முதலில் பழுதாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மலிவான எழுதும் டிவிடிகள் தகரக் கூரை வெக்கையில் கசற்றுக்கு முன்பே போய்விடுவது சாதாரணம். கசற் தேய்ந்தாலும் புள்ளி புள்ளியாகவாவது படம் வரும். இறுவட்டு ஒரு கட்டத்துக்கு மேல் ஒன்றுமே தராது. மூன்றாவது ஹாய்8, மினி டிவி. நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கமரா கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. விஎச்எஸ் கடைசியில் வரட்டும்.

மூலப் பிரதி வேறு, பார்க்கும் பிரதி வேறு

சேகரிப்புகள் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால்தான். இடம் போதவில்லை என்று சிறிதாக்கி, மூலத்தை அழித்து, பிறகு அந்தச் சிறிய கோப்பையே இன்னொரு முறை சிறிதாக்கினால் முகங்கள் மெழுகுப் பொம்மை போல ஆகிவிடும். எடுத்தது எடுத்தபடியே இருக்கும் கோப்பு மூலப் பிரதி. அதில் வெட்டு, நிறத்திருத்தம் ஒன்றும் வேண்டாம். ரீவியிலும் கைப்பேசியிலும் போடுவதற்கு அதிலிருந்து எம்பி4 ஆக ஒன்று செய்யுங்கள். அது தொலைந்தால் திரும்பச் செய்யலாம்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்பே கணக்குப் பாருங்கள். இழப்பில்லாத, அதாவது தரம் குறையாத முறையில் பதிந்த விஎச்எஸ் ஒரு மணித்தியாலத்துக்கு 25 முதல் 35 ஜிபி. மினி டிவி 13 ஜிபி. சாதாரண ஒற்றைப் படை டிவிடி ஒரு தட்டு அதிகபட்சம் 4.7 ஜிபி, விசிடி ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 600 எம்பி. பார்க்கும் எம்பி4 ஒரு மணித்தியாலத்துக்கு 1.5 முதல் 3 ஜிபி. மூன்று மணித்தியால ஈ-180 கசற் 20 இருந்தால் இழப்பில்லாத மூலத்துக்கு மட்டும் 1.5 முதல் 2 டிபி வரை போகும். அவ்வளவு வசதியில்லை என்றால் திரும்பக் கிடைக்காத ஐந்தாறு கசற்றை மட்டும் அப்படி வையுங்கள். மற்றவற்றை நல்ல தரத்தில் எச்.264 என்ற சுருக்க முறைக்கு மாற்றி அதையே மூலமாக வைத்தாலும் பெரிய குறையில்லை. கசற்றில் உள்ள தெளிவே அவ்வளவுதான்.

கசற்: ஓட்டுவதற்கு முன்

கசற்றைக் கையில் எடுத்து, கண்ணாடிச் சாளரத்தினூடாகச் சுருளின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல சுருள் சமதளமாக, கருமையாகப் பளபளக்கும். வெள்ளைப் பொட்டோ நூல் போன்ற படிவோ தெரிந்தால் அது பூஞ்சணம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மாரி ஈரம் மூடிய அலுமாரிக்குள் அதைத்தான் வளர்க்கும். அந்தக் கசற்றை டெக்கில், அதாவது கசற் ஓட்டும் கருவியில் போட்டால் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்து ஓடும் கசற்றுகளுக்கும் தொற்றும். பொலித்தீன் பையில் கட்டித் தனியே வையுங்கள். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பக்கெற்றுகளோடு இரண்டு மூன்று கிழமை வைத்தால் பூஞ்சணம் காய்ந்து பொடியாகும். பிறகு முகமூடி போட்டு வெளியில் வைத்துத் துடைக்கலாம். சுற்றி எடுக்க ஒரு பழைய டெக்கை அதற்கென்றே ஒதுக்குங்கள், நல்ல டெக் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

மண்ணில் புதைத்து எடுத்தவை, 2004 சுனாமியில் கடல் தண்ணீரில் நனைந்தவை என்றால் வீட்டில் முயலவேண்டாம். மணலும் உப்பும் நாடாவைக் கீறும். சுற்றாமல், ஓட்டாமல் அப்படியே வைத்து, நாடா மீட்கும் தொழில் செய்பவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைக்கவே வேண்டாம்.

நல்ல நிலையில் உள்ள விஎச்எஸ் என்றாலும் முதலில் முதுகுப் பக்கத்து இடது மூலையில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். தவறி 'ரெக்கோட்' பட்டனை அழுத்தினாலும் பதியாது. மினி டிவியில் அதே வேலைக்கு ஒரு நகர்த்தும் பொத்தான் உண்டு. 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். பிறகு ஒரு முறை கடைசி வரை ஓடவிட்டு முழுக்கத் திரும்பச் சுற்றுங்கள். பல ஆண்டு கிடந்த நாடாவின் இறுக்கம் அதில் சமனாகும். ஏசி அறையிலிருந்து மாரிக்கால வீட்டுக்குக் கொண்டுவந்த கசற்றை ஒரு நாள் அப்படியே வைத்த பிறகு போடுங்கள். வியர்த்த நாடா உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

அடிக்கடி வரும் பழுது, நாடா சக்கரத்திலிருந்து கழன்று போவது. அல்லது வெளிக்கூடு வெடித்திருக்கும். இரண்டுக்கும் வழி ஒன்றுதான், தேவையில்லாத ஒரு கசற்றின் கூட்டை எடுத்து மாற்றுவது.

1. இரண்டு கசற்றையும் சாளரப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். அடியில் ஐந்து நட்சத்திர ஆணிகள் இருக்கும். கழற்றி ஒரு கோப்பையில் போடுங்கள்.
2. இரண்டு பாதியையும் கையால் சேர்த்துப் பிடித்தபடி திருப்பி, மேல் மூடியை நேராக மேலே தூக்குங்கள். முன்கதவின் வில் துள்ளிப் போகும், அங்கே ஒரு விரல் இருக்கட்டும்.
3. நாடா எந்த உருளைக்கு வெளியே, எந்தத் தூணுக்கு உள்ளே போகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படம் இல்லாமல் தொடர்ந்தால் திரும்பப் பூட்டும்போது பெரும்பாலும் பிழையாகிவிடும்.
4. நாடாவின் மினுக்கப் பக்கத்தைத் தொடாமல் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத் தூக்கி நல்ல கூட்டில் வையுங்கள்.
5. முனை கழன்றிருந்தால் சக்கர மையத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் கவ்வியைத் தள்ளி எடுத்து, நிறமற்றுத் தெளிவாக இருக்கும் நாடா முனையைப் பள்ளத்தில் வைத்துக் கவ்வியைத் திரும்ப அழுத்துங்கள்.
6. மூடி, ஆணிகளைப் பூட்டி, டெக்கில் போட முன் கையால் ஓரிரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இறுகினால் திரும்பத் திறவுங்கள்.

நடுவில் அறுந்த நாடாவைச் சாதாரண செலோரேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை வெக்கையில் கசிந்து டெக்கின் தலையில் ஏறும். நாடா ஒட்டுவதற்கென்று விற்கும் ஒட்டுப்பட்டியை மினுக்கமில்லாத பின்பக்கத்தில் ஒட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் அறுந்த இரண்டு துண்டையும் இரண்டு கூட்டில் போட்டுத் தனித்தனியே பதியலாம். இரண்டு விநாடிப் படம்தான் போகும்.

டெக், வயர், பதிவு

வாங்கும் டெக் பல ரீவி சிக்னல் முறைகளும் ஓடும் மல்ரி சிஸ்டமாக இருப்பது நல்லது. மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த டெக்குகள் பெரும்பாலும் அப்படித்தான். இலங்கையிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் கசற்றுகள் பால் (PAL) முறை: விநாடிக்கு 25 பிரேம் (தனிப்படம்), 576 வரி. கனடாக் கசற்றுகள் என்டிஎஸ்சி (NTSC): 29.97 பிரேம், 480 வரி. கனடாக் கசற்றைப் பால் மட்டும் தெரிந்த டெக்கில் போட்டால் படம் உருளும், நிறம் போகும். நாடா பழுது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். மல்ரி டெக்கில் இன்னொரு பொறி உண்டு. என்டிஎஸ்சி கசற்றை 'பால் 60' என்ற கலப்பு முறையில் வெளியே விடும். ரீவி அதை ஏற்கும், கணினிப் பதிவுக் கருவிகள் பல ஏற்காது. டெக்கின் மெனுவில் வெளியீட்டை என்டிஎஸ்சி 3.58 ஆக்குங்கள். என்டிஎஸ்சியை என்டிஎஸ்சியாகவே 720×480 இல் பதிந்து வையுங்கள். பாலாக மாற்றினால் அசைவு வெட்டி வெட்டி வரும்.

டெக்கின் தலையைத் துடைக்கும்போது மின்சாரத்தைக் கழற்றி, மூடியைத் திறந்து, 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த நூல் பறக்காத துணியை உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடித்து, உருளையின் மேற்பகுதியைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் தலை உடையும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியின் நூல் தலையில் சிக்கும், அது வேண்டாம். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். அல்ககோல் ரப்பரை வறட்டும்.

டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை யூஎஸ்பி பதிவுக் கருவியில் பூட்டுங்கள். எஸ் வீடியோத் துளை இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அதைப் பாவியுங்கள், நிற விளிம்பு தெளிவாக வரும். ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவுப் பெட்டிகளைத் தவிருங்கள். வரிகளைத் தாறுமாறாகக் கலந்து பெரிதாக்கிவிடும், அதைப் பிறகு பிரிக்க இயலாது.

பதிவுக்கு வேர்ச்சுவல்டப்2 என்ற மென்பொருள் இலவசம். காப்சர் முறையில் 720×576, 25 பிரேம், நிறம் ஒய்யுஒய்2, சுருக்கம் எஃப்எஃப்வி1 அல்லது ஹஃப்ஒய்யுவி, ஒலி 48 கிலோஹேட்ஸ் 16 பிட். ஓபிஎஸ் என்ற இன்னொரு மென்பொருள் கையாள இலகு. ஆனால் அது வரிகளைக் கலந்து வேறு அளவுக்கு மாற்றிப் பதியும், மூலத்துக்கு ஆகாது. பதியும் டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மற் செய்ததாக இருக்கவேண்டும். ஃபாட்32 இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு போகாது, பதிவு அங்கேயே நின்றுவிடும். கணினியின் ஸ்லீப்பை நிறுத்துங்கள், வைரஸ் தேடலை நிறுத்துங்கள், அந்த நேரம் வேறு வேலை செய்யாதீர்கள். டெக்கின் மெனுவில் 'புளூ பேக்' இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மங்கிய இடங்களில் படத்துக்குப் பதில் நீலத்திரை பதிவாவது அதனால்தான்.

முழுக் கசற்றையும் பதிய முன் பத்து நிமிடம் பதிந்து பாருங்கள். ஒலியும் படமும் சேர்கிறதா என்று பார்க்கக் கலியாண வீடியோவில் தவிலை விட நல்ல இடம் இல்லை. கம்பு தோலில் படும் பிரேமும் சத்தமும் ஒன்றாக வரவேண்டும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஒலி வேறு பாதையால் வருகிறது என்று பொருள். கணினியின் மைக் துளையில் பூட்டிய ஒலி வயரைக் கழற்றி, அதே யூஎஸ்பி கருவியில் பூட்டுங்கள். ஒரு இடத்தில் திடீரென்று விலகினால் பிரேம் விடுபட்டிருக்கிறது. டிஸ்க்கின் வேகம் போதவில்லை, அல்லது நாடாவின் அந்த இடம் மோசம்.

படத்தின் மேல்பகுதி கொடி போல வளைந்து ஆடினாலோ, வீட்டுக் கசற்றையே 'கொப்பி செய்யத் தடை' என்று கருவி மறுத்தாலோ, காரணம் தேய்ந்த நாடாவின் நடுங்கும் சிக்னல். டெக்குக்கும் கருவிக்கும் நடுவே ஒரு பழைய டிவிடி ரெக்கோடரைப் பூட்டினால் அது சிக்னலை நேராக்கித் தரும். பனசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை. உள்ளே டிஸ்க் போடத் தேவையில்லை, ஊடே போகவிட்டால் போதும். படத்தின் அடியில் நாலைந்து வரி கிழிந்தது போலத் தெரிவது எல்லா விஎச்எஸ்ஸிலும் இருப்பது, அதற்காக மினக்கெடவேண்டாம்.

மினி டிவியை ஏவி வயரால் எடுப்பது வீண். கமராவின் ஃபயர்வயர் துளையால் எடுத்தால் நாடாவில் உள்ளதே அச்சொட்டாகக் கோப்பாக வரும். பழைய மேசைக்கணினியில் ஃபயர்வயர் அட்டை போட்டால் போதும். நீட்டி ஓடும் எல்பி முறையில் பதிந்த கசற் பதிந்த அதே கமராவில்தான் சரியாக ஓடும். கமராவை வைத்திருக்கும் உறவினரைக் கேளுங்கள். சில டிஜிட்டல்8 கமராக்கள் பழைய வீடியோ8, ஹாய்8 கசற்றுகளையும் ஓட்டி ஃபயர்வயரால் தரும்.

கரண்ட் போனால் மடிக்கணினி தாங்கும், டெக் நின்றுவிடும். நாடா வெளியே இழுபட்ட நிலையில் நிற்பது கசற்றுக்குக் கூடாது. டெக் 20, 30 வாட்தான் எடுக்கும். ஒரு 650 விஏ யூபிஎஸ் அதை அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டும், சுற்றி வெளியே எடுக்க அது தாராளம். இடி மின்னல் பின்னேரங்களில் பதிவு வேண்டாம். செருகியைக் கழற்றிவிடுங்கள், சுவிச்சை நிறுத்துவது மட்டும் போதாது.

இறுவட்டுகள்

இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டுக் கழுவி, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி வாசிப்பைக் கெடுக்கும். சீடியில் தகவல் இருக்கும் படை எழுத்துப் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் அடியில் உள்ள கீறலை விட மேலே உள்ள கீறல் ஆபத்து. ஒரு ட்ரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். மடிக்கணினி ட்ரைவ் கைவிட்டால் பழைய மேசைக்கணினி ட்ரைவில் போட்டுப் பாருங்கள்.

டிவிடியை கோப்புக் கோப்பாக இழுக்காமல் இம்க்பேர்ன் என்ற மென்பொருள் மூலம் முழுத்தட்டையும் ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். வாசிப்பு வேகத்தைக் குறையுங்கள். கீறல் இருந்தால் பிழைகளைத் தாண்டிப் போகும் தெரிவைப் போடுங்கள். அந்த ஐஎஸ்ஓவை மேக்எம்கேவியில் திறந்தால் 1 ஜிபித் துண்டுகளாகக் கிடக்கும் வீடியோ தரம் குறையாமல் ஒரே எம்கேவி ஆகும். விசிடி வேறு விதம். அதன் படம் எம்பெக்-ஏவி என்ற கோப்புறையில் டாட் கோப்பாக இருக்கும். கூடுதலாக வீடியோ கொள்ளவேண்டும் என்பதற்காகப் பிழை திருத்தும் பகுதியைக் குறைத்துத்தான் அதில் எழுதியிருப்பார்கள். அதனால் சிறு கீறலிலும் விண்டோஸ் கொப்பி பாதியில் நின்றுவிடும். ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் பிழைப்பட்ட இடத்தைத் தாண்டி மிச்சத்தை எடுத்துத் தரும்.

கமராவில் நேராக எழுதிய 8 சென்ரிமீற்றர் சிறிய டிவிடி கணினியில் வெறுமையாகத் தெரிந்தால் எறியாதீர்கள். எழுதி முடிந்ததும் டிஸ்க்கை மூடும் 'பைனலைஸ்' செய்யாமல் விட்டிருப்பார்கள். அதே கமராவில் போட்டுச் செய்யலாம், கமரா இல்லாவிட்டால் ஐசோபஸ்டர் வாசிக்கும். தட்டு வெளியே வராத, வாய் மட்டும் உள்ள ட்ரைவில் இந்தச் சிறிய டிஸ்க்கைப் போட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கார்டும் கைப்பேசியும்

எம்டிஎஸ் கோப்பு எழுதும் கமரா என்றால் வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்காமல் கார்டில் உள்ள முழுக் கோப்புறையையும் எடுங்கள். நீண்ட பதிவை அது துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். கமராவின் சொந்த மென்பொருள் அவற்றை ஒட்டுத் தெரியாமல் ஒட்டும், மற்றவற்றில் ஒட்டும் இடத்தில் ஒலி அரை விநாடி விடுபடும். கைப்பேசியிலிருந்து யூஎஸ்பி வயரால் எடுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும்.

பார்க்கும் பிரதி செய்தல்

ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இதற்குப் போதும், இலவசம். வடிவம் எம்பி4, என்கோடர் எக்ஸ்264, வேகம் 'ஸ்லோ', தரம் ஆர்எஃப் 18 முதல் 20. இலக்கம் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். ஒலி ஏஏசி 160. எச்.265 இடத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் ஊரிலுள்ள பழைய ரீவிகள் பலவற்றில் ஓடாது, அம்மம்மா பார்க்கப்போகும் பிரதிக்கு எச்.264 தான்.

பலரும் தவறவிடுவது வரிக்கலப்பு. கசற், டிவிடிப் படங்கள் ஒரு பிரேமை இரண்டு அரைகளாக மாறி மாறி எழுதும். அப்படியே மாற்றினால் கை அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் வரும். 'ஃபில்ரர்ஸ்' பகுதியில் டீஇன்டர்லேஸ் என்பதில் பிடபிள்யுடிஐஎஃப், அதன் கீழே 'பொப்' தெரிவு செய்து, பிரேம் வேகத்தை 50 ஆக்குங்கள்; கனடாக் கசற்றுக்கு 59.94. ஆரத்தித் தட்டுச் சுற்றும் கை, ரீவியில் கசற் ஓடிய காலத்தில் போலவே வழுக்கிக்கொண்டு போகும். விசிடியில் வரிக்கலப்பு இல்லை, அதற்கு இந்த வேலை வேண்டாம். விசிடியை மாற்றவே தேவையில்லாமலும் இருக்கலாம், விஎல்சி அப்படியே ஓட்டும்.

பழைய படம் 4:3. அகலத்திரையை நிரப்ப இழுத்தால் மாப்பிள்ளை பொம்பிளை எல்லோரும் குட்டையாகக் கொழுத்துத் தெரிவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். ஏஐ மூலம் 4கே ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் மூலத்தைக் கொடுக்கவேண்டாம். மங்கிய முகத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அது கற்பனை செய்து ஒட்டும். இல்லாமல் போனவர்களின் முகத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஒரு கசற்றில் கலியாணமும், பிறந்தநாளும், இடையில் பதிந்த படப்பாட்டும் கலந்திருந்தால் லொஸ்லெஸ்கட் மூலம் பிரியுங்கள். திரும்பக் குறியாக்காமல் வெட்டும், தரம் போகாது. வெட்டு நினைத்த பிரேமில் அல்லாமல் ஒரு விநாடி முன்பின்னாக விழலாம், அதற்கு இடம் விட்டு வெட்டுங்கள்.

பெயரும் விபரமும்

கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கட்டும்: '1997-06-12 கலியாணம் புதுக்குடியிருப்பு கசற் 07' என்பது போல. நாள் தெரியாவிட்டால் '1997-00-00'. இப்படி வைத்தால் தானாகவே கால வரிசையில் நிற்கும். 'அக்காவின்ர வீடியோ புதுசு 2 கடைசி' என்ற பெயர் அடுத்த ஆண்டு உங்களுக்கே விளங்காது. விண்டோஸும் கைப்பேசியும் தமிழ்ப் பெயரை ஏற்கும். பழைய ரீவிகள் பெட்டி பெட்டியாகக் காட்டும், அவற்றுக்கான பென் ட்ரைவில் மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். குறிப்புகளை யூனிகோடில் தட்டச்சுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிய பட்டியல் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் ஒரு சிறு எழுத்துக் கோப்பு வைத்து, மூத்தவர்களை இருத்திப் போட்டுக் காட்டுங்கள். எத்தனையாம் நிமிடத்தில் வருபவர் யார், யாருடைய வளவு, எந்தக் கோயில் என்று எழுதுங்கள். வற்றாப்பளைப் பொங்கலில் எடுத்ததா புளியம்பொக்கணையில் எடுத்ததா என்பதைக் கூட்டத்தைப் பார்த்து இன்னும் இருபது ஆண்டில் சொல்ல ஆளிராது. இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள், டிஸ்க் எப்போதும் வாங்கலாம்.

யூடியூப், ஃபேஸ்புக்கில் போடுவதைப் பாதுகாப்பு என்று கணக்கெடுக்கவேண்டாம். அவை திரும்பக் குறியாக்கும். மூலம் அங்கிருந்து திரும்பி வராது. கலியாண வீடியோ முழுக்கச் சினிமாப் பாட்டு என்பதால் ஒலியை நிறுத்துவதும், தடுப்பதும் நடக்கும். வீடியோவில் உள்ளவர்கள் எல்லோரும் தம் முகம் வெளியே போவதை விரும்பமாட்டார்கள், கேட்காமல் போடாதீர்கள்.

பிரதிகளை வைக்கும் விதம்

மூன்று பிரதி, ஒவ்வொன்றும் தனித்தனி டிஸ்க்கில், ஒன்றாவது வேறு ஊரில். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகளை வெவ்வேறு கம்பனியில், அல்லது சில மாத இடைவெளியில் வாங்குங்கள். ஒரே தொகுதியில் வந்தவை ஒன்றாகப் பழுதாகலாம். ஒன்று வீட்டில், மற்றது வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள உறவு வீட்டில். மூன்றாவதை ஆடி, ஆவணி விடுமுறைக்கு வருபவரிடம் கையோடு கொடுத்தனுப்புங்கள். 1 டிபியை இன்ரநெற்றில் ஏற்ற நினைப்பவர்கள் கணக்குப் பார்க்கவேண்டும்: விநாடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் இரவு பகலாக ஒன்பது நாளுக்கு மேல். கூகுளின் இலவச 15 ஜிபியில் மிக முக்கியமான பார்க்கும் பிரதிகள் சிலவற்றை வைக்கலாம்.

நம்பமுடியாத மலிவில் வரும் 2 டிபி பென் ட்ரைவ், எஸ்எஸ்டி பெரும்பாலும் போலி. அளவை 2 டிபி என்று காட்டும், உள்ளே 32 அல்லது 64 ஜிபிதான் இருக்கும். நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். புது டிஸ்க் எதையும் எச்2டெஸ்ட்டபிள்யு என்ற மென்பொருள் மூலம் முழுக்க எழுதி வாசித்துப் பார்த்த பிறகே பாவியுங்கள். அலுமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டி பொருத்தமில்லை. மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் அதில் உள்ளது மங்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் சரி.

கொப்பி செய்ய டெராகொப்பி பாவித்து 'வெரிஃபை' போடுங்கள். எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். சரிபார்ப்புக் கோப்பு ஒன்றையும் அதிலேயே செய்து டிஸ்க்கில் வைத்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் கோப்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டு டிஸ்க்கையும் சமப்படுத்த ஃப்ரீஃபைல்சிங்க் நல்லது. ஆனால் 'மிரர்' முறையைத் தொடாமல் 'அப்டேட்' முறையைத் தெரிவு செய்யுங்கள். மிரரில் ஒரு பக்கம் தவறி அழித்தது மறுபக்கமும் அழியும். பிரதி எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கொமியூனிகேசன் கடைக் கணினியில் மூல டிஸ்க்கைக் கொழுவாதீர்கள், பென் ட்ரைவ் வைரஸ்களின் சந்தை அது.

டிஸ்க்கையும் பதிந்து முடித்த கசற்றுகளையும் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். அட்டைப் பெட்டி வேண்டாம், கறையான் ஒரு மாரிக்குள் உறையையும் பட்டியலையும் சேர்த்துத் தின்றுவிடும். கசற் முழுக்கச் சுற்றிய நிலையில் புத்தகம் போல நிமிர்ந்து நிற்கட்டும். எண்மமாக்கியாயிற்று என்று கசற்றை எறியவேண்டாம். நல்ல கருவி கிடைத்தால் இன்னொரு முறை எடுக்கலாம்.

ஆண்டுக்கொரு முறை, மாரி முடிந்து வெயில் ஏற முன், மாசி பங்குனியில் எல்லா டிஸ்க்கையும் கொழுவிப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில், டிஸ்க்கில் பழுதான இடங்களைக் காட்டும் 'ரீஅலொகேற்றட்', 'பென்டிங்' செக்டர் இலக்கங்கள் பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கியிருந்தால் அந்த டிஸ்க்கின் காலம் முடிகிறது. இலக்கம் நன்றாக இருந்தாலும் ஐந்து ஆண்டானதும் புதிதுக்கு மாற்றி, பழையதை மேலதிகப் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே கழற்றுங்கள். திருத்தும் மென்பொருளை ஓட்டுவது, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் இருக்கிற கொஞ்சத்தையும் கெடுக்கும். மற்ற ஊரில் இருக்கும் பிரதியை வரவழைத்து முதலில் அதிலிருந்து இன்னொன்று எடுங்கள். பழுதானதை என்ன செய்வதென்று அதற்குப் பிறகு பார்க்கலாம்.